மெமரி எதற்கு, வேகம் போதும் என்றேன்

ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் டி.டி.பி. சென்டருக்குப் புது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, முந்நூறு மெகாஹெர்ட்ஸ் வேகம், திருநெல்வேலி வட்டாரத்தில் இந்த மாதிரி மெஷின் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தது சாட்சாத் நானே — என்றெல்லாம்.

அதில் பாதியை இந்த வாரம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எந்தப் பாதி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு கடிதம்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், விவசாயி, இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். 'தங்கள் கட்டுரை கண்டேன். எங்கள் வயலில் ஐந்து ஹார்ஸ் மோட்டாரைப் போட்டாலே தெருவில் விளக்கு மங்குகிறது. தாங்கள் முந்நூறு மெகா ஹார்ஸ் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் மட்டும் கரண்ட் எப்படித் தாங்குகிறது?'

ஹெர்ட்ஸை ஹார்ஸாக்கி, கம்ப்யூட்டருக்குள் குதிரைகளைக் கட்டிவிட்டார் மனிதர்! சென்டரில் உரக்கப் படித்துக் காட்டினேன். முதலாளி அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாத்திமா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த மனுசன் சரியாத்தான கேட்டிருக்காரு" என்றாள். "மோட்டார் பெருசா இருந்து என்ன செய்ய? கெணத்துல தண்ணி கெடக்கணும்லா?"

பாத்திமாவை உங்களுக்கு இதுவரை அறிமுகப்படுத்தவில்லை. தப்பு என் பேரில்தான். மேலப்பாளையத்துப் பெண். என் வயதுதான். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். சென்டரில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களில் பழசு அவளுடையது — நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ். புதுசு என்னுடையது. பழசின் மூடியில் ஒரு திருகாணி கிடையாது. அந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டியிருக்கும்.

புதுசு வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். "நீதான படிச்ச பிள்ள, நீயே பாத்து எடும்மா" என்று அண்ணாச்சி பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவளை நம்பி ஒரு கம்ப்யூட்டரே வாங்கச் சொன்னால்? தலை பாபநாசம் மலை உயரத்துக்குப் போய்விட்டது.

கடைக்காரர் கேட்டார், "மெமரி பதினாறு போதுமா? முப்பத்திரண்டு, அறுபத்து நாலுன்னும் போடலாம். ஆனா இதே விலைக்குள்ளன்னா வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிடணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெமரி எதுக்குங்க? வேகம் போதும்."

மெமரி என்றால் ஞாபகசக்தி. அதுதான் எனக்கே நிறைய இருக்கிறதே! மனப்பாடச் செய்யுளில் ஒரு வரி பிசகாதவளுக்கு, மெஷின் வேறு தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன? இருப்பதிலேயே பெரிய நம்பர் எதுவோ அதைத் தொட்டுக் காட்டினேன்.

பாத்திமா இந்த விஷயத்தில் நேர் எதிர். பெருநாளுக்குப் பெருநாள் அண்ணாச்சி அவளுக்குச் சுடிதார் துணி எடுத்துக் கொடுப்பது வழக்கம். போன நோன்புப் பெருநாளுக்கு, "துணி வேண்டாம் அண்ணாச்சி, என் மெஷினுக்கு மெமரி போட்டுத் தாங்க" என்றாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அதே பாட்டு. இப்படியே அந்தப் பழைய பெட்டி அறுபத்து நாலு மெகாபைட் மெமரியோடு உட்கார்ந்திருந்தது. பெருநாள் துணியை விட்டுவிட்டு மெமரி கேட்ட பெண்ணை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

நிறைய.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெருமை அச்சாகி வந்த அதே வாரம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆயிஷா மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். பாத்திமாவின் தெருக்காரர். அவளுக்கு மாமி என்பதால் எனக்கும் மாமி. கையில் மடித்த ஒரு தாள். முகமெல்லாம் வியர்வை.

"பாத்திமா, ஜுலைகாவுக்கு நாள் குறிச்சாச்சு. பத்திரிகை அடிக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும். ஆனா ரெண்டு மணிக்குள்ள வேணும்."

ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகையா? அதுவும் மூன்று மணி நேரத்துக்குள்ளா?

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். ஜுலைகா அவர் மகள். மகன் காதர் வளைகுடாவில் இருக்கிறான். அவன் முதலாளி ஓர் அரபி. ஊருக்கு லீவு கேட்டால் லேசில் தரமாட்டார். முன்பெல்லாம், 'தங்கைக்குக் கல்யாணம்' என்று சொன்னால் போதுமாம், தருவாராம்.

"இப்பம் ஏன் மாமி தரமாட்டாரு?" என்று கேட்டேன்.

"காதர் கூட வேலை செய்யுதான் ஒருத்தன். ஒரே தங்கச்சிக்கு மூணு தடவ கல்யாணம் செஞ்சு வச்சிட்டான், படுபாவி. மூணாவது தடவ அரபி புடிச்சிட்டாரு. அதுலேர்ந்து அச்சடிச்ச பத்திரிகைய கையில குடுத்தாத்தான் நம்புவாரு. அதுவும் அவரு படிக்கிற மாதிரி அரபியில இருக்கணுமாம்."

பக்கத்து வீட்டு மைதீன் அன்று மூன்று மணி பஸ்ஸுக்குத் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால் பத்திரிகை நேரே காதரிடம் போய்விடும். அவரை விட்டால் தெருவில் அடுத்து யாரும் இப்போதைக்குப் பயணம் போகவில்லை. தபாலில் போட்டால் கம்பெனி ஆபீசோடு நின்றுவிடும். காதர் வேலை செய்யும் இடமோ பாலைவனத்துக்குள்ளே எங்கோ இருக்கிறது.

"வாப்பா மவுத்தாப் போயி ஏழு வருசம் ஆச்சு" என்றார் மாமி. "காதர்தான் வலி. அவன் வாயால சொல்லித்தான் என் பிள்ளையக் குடுக்கணும்."

வலி என்றால், நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் சார்பாக நின்று அவளைக் கொடுப்பவர். தகப்பன் இல்லாத வீட்டில் அந்த இடம் அண்ணனுக்கு. "ஊர்ல இருக்கிற பெரிய ஆளு யாரையாவது பொறுப்புக் குடுத்து நிக்காஹ் முடிச்சிரலாம்னு ஜமாத்துல சொல்லுதாங்க. ஆகத்தான் செய்யும். ஆனா ஜுலைகா மூணு நாளா சோறு திங்க மாட்டேங்கா. காக்கா வரலைன்னா வேண்டாங்கா." அண்ணனை அவர்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பாத்திமா, நீ உன் வேலையப் பாரு. இத நான் புதுசுல முடிச்சுக் குடுக்குதேன்."

மாமி கொண்டு வந்த தாளில் அரபி வாசகம் முழுவதும் அவர்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் கைப்பட எழுதியது. கறுப்பு மசியில் அப்படி ஓர் அழகு. எங்கள் மெஷின்களில் அரபி எழுத்து கிடையாது. அதனால் அந்தத் தாளைப் படமாக ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும். கீழே தமிழும் இங்கிலீஷும். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர்.

ஸ்கேனரில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தை வைத்தேன். கலரில் எடுத்தேன். பூ பார்டரும் பெரிய கலர்ப் படமாகவே போட்டேன். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் வைத்திருப்பவள் கஞ்சத்தனம் பண்ணலாமா?

படம் திறந்தது... திறந்தது... திறந்துகொண்டே இருந்தது. திரையில் மேலிருந்து கீழே கோடு கோடாக, கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடுவது போல. ஒரு வழியாக முழுதும் வந்ததும், அதை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினேன். மணல் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடம் கழித்து, நான் நகர்த்திய ஒரு விரற்கடை நகர்ந்தது.

பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஒரேயடியாக உறைந்துபோனது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் முதலிலிருந்து.

"என்னம்மா பேச்சி," என்றார் அண்ணாச்சி, "மாஞ்சோலை பஸ்ஸு மேடு ஏறுத மாதிரில்லா முக்குது?"

"புது மெஷின் அண்ணாச்சி. பழகணும்."

"மெஷின் பழகணுமா, நீ பழகணுமா?"

எனக்குக் காது சுட்டது. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. பாத்திமாவும் மாமியும் பின்னறையில் தொழுதுவிட்டு வந்தார்கள். மணி ஒன்று ஆகப் போகிறது. மாமி ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆயிருச்சா மவளே?" என்று மெல்லக் கேட்டார். நான் திரையைப் பார்த்தபடியே, "இப்பம் ஆயிரும் மாமி" என்றேன். அதை நாலாவது தடவையாகச் சொல்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பாத்திமா வந்து என் பின்னால் நின்றாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து பெட்டியின் முகத்தில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"ஏட்டி பேச்சி, இந்த லைட்டப் பாத்தியா? அணையவே மாட்டேங்கு."

"அதுக்கென்ன?"

"உள்ள உக்காந்திருக்கவனுக்கு எடம் பத்தலட்டி. ஒண்ண எடுக்கான், வைக்க எடமில்லன்னு இன்னொண்ணக் கொண்டுபோயி டிஸ்க்குல போடுதான், பொறவு அதையே திரும்ப எடுத்துட்டு வாரான். வேலை எங்க நடக்கு? நடைதான் நடக்கு." பிறகு சொன்னாள், "எங்கிட்ட குடு."

"உங்கிட்டயா? இது முந்நூறுடி. இதுலயே வரல, உன் நூத்து முப்பத்து மூணுல போட்டா நாளைக்குத்தான் வரும்."

"ரெண்டு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இப்படியே போனா ஒன் மெஷினுல எப்பம் வரும்? நீயே சொல்லு."

ஸ்டூலில் இருந்த மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை எடுத்துப் பாத்திமாவிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் பரீட்சைத் தாளை முடிக்காமல் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எழுத வேண்டும் என்றுதான் இந்த வாரம் பேனாவையே எடுத்தேன்.

பாத்திமா முதலில் செய்த காரியம் — எதையும் திறக்கவில்லை. மூடினாள். அவள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த மற்ற வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேமித்து மூடினாள். சமையல் தொடங்கும் முன் அடுப்படியைத் துடைக்கிற மாதிரி.

அடுத்து ஹஜ்ரத் எழுதிய தாளை மறுபடியும் ஸ்கேன் செய்தாள். கலர் இல்லை. வெறும் கறுப்பு வெள்ளை.

"கறுப்பு மசியில எழுதுனத எதுக்குட்டி கலர்ல எடுத்த?" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் எடுத்த படம் ஒரு மூட்டை நெல் என்றால், அவள் எடுத்தது ஒரு மரக்கால் அரிசி. அதே எழுத்து, அதே தெளிவு, உமி மட்டும் இல்லை.

பூ பார்டரைப் படமாகப் போடவில்லை. எழுத்துகளோடு எழுத்தாகப் பூ, கொடி, இலை என்று சின்னச் சின்ன உருவங்கள் எங்கள் மெஷினிலேயே உண்டு. நான் அவற்றைச் சீண்டியதே கிடையாது. அவள் ஒரு மொட்டைத் தட்டினாள், ஒரு இலையைத் தட்டினாள், வரிசையாக நகலெடுத்துச் சுற்றிலும் கட்டினாள். பூச்சரம் தொடுத்த மாதிரியே இருந்தது. எனக்கு ஐந்து நிமிடம் ஆன அந்த விரற்கடை நகர்த்தல் அவளுக்கு ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை. அவள் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். எப்போதாவது ஒருமுறை மினுக்கிவிட்டுச் சும்மா இருந்தது.

தமிழை அவளே அடித்தாள். நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். திரும்பாமலே, "இங்கிலீஷ நீ சொல்லு. அதுல நீதான் கெட்டி" என்றாள். அந்த நிமிடத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நான் சொன்னேன், அவள் அடித்தாள்.

லேசர் பிரிண்டரில் ஐவரி அட்டை வெளியே வந்தபோது மணி ஒன்று முப்பத்தைந்து.

மாமிக்குப் படிக்கத் தெரியாது. பாத்திமா அரபியையும் தமிழையும் வாசித்துக் காட்டினாள், நான் இங்கிலீஷை. மகன் பெயர் வந்த இடத்தில், "எங்க, எங்கன இருக்கு?" என்று விரலை வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துக்கொண்டார். அட்டையைப் பழைய காலண்டர் தாளுக்குள் வைத்துச் சுருட்டாமல் மார்போடு பிடித்தபடி ஆட்டோவில் ஏறினார்.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு பரீட்சை வைத்தேன். உண்மை தெரிய வேண்டும் அல்லவா? நான் எடுத்த அந்த மூட்டைப் படத்தையே இரண்டு மெஷினிலும் திறந்தேன். பழசும் திணறத்தான் செய்தது, ஆனால் புதுசு பாதி திறப்பதற்குள் முழுதும் திறந்துவிட்டது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்து மார்க் பட்டியலைக் கொடுத்து, கூட்டி வரிசைப்படுத்தச் சொன்னேன். படம் கிடையாது, வெறும் எண்கள். இதில் புதுசு சிட்டாகப் பறந்தது. பழசு பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

அப்படியென்றால் முந்நூறு என்பது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. என்ன கூத்து இது?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாத்திமாதான் சொன்னாள். தன் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து மடியில் கவிழ்க்காமல் வைத்துக்கொண்டாள். "இது சொளவு" என்றாள். பீடி சுற்றுகிறவர்கள் மடியில் வைத்துக்கொள்ளும் சுளகு. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் உம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றித்தான் டைப்ரைட்டிங்குக்குப் போனவள் அவள்.

பிரிண்ட் வெட்டிய காகித விளிம்புகளை இலையாக நறுக்கி மூடியில் போட்டாள். ஒன்றை எடுத்தாள். ஓர் உருட்டு. நுனியை மடக்கினாள். பீடி!

"நீ செய்யி."

நான் உருட்டினேன். பிரிந்தது. மறுபடி உருட்டினேன். ஐந்தாவது உருட்டில் ஏதோ ஒரு தினுசில் நின்றது.

"இப்பம் பாரு. நீ என்ன விட வேகமா விரல ஆட்டுத. ஆனா எனக்கு ஒரு உருட்டுக்கு ஒரு பீடி. ஒனக்கு அஞ்சு உருட்டுக்கு ஒண்ணு. ஒன் விரல் எத்தன தடவ ஆடிச்சுன்னு எண்ணி என்னத்துக்கு ஆவும்?"

எனக்கு உறைத்தது. மெகாஹெர்ட்ஸ் என்பது அந்த விரல் ஆட்டம்தான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குள் ஒரு கடிகாரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு முப்பது கோடி டிக். ஒவ்வொரு டிக்கிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது பிராசஸருக்குப் பிராசஸர் மாறும். அதை அந்த நம்பர் சொல்லவே சொல்லாது.

"இன்னொண்ணு" என்றாள். மூடியில் இருந்த இலைகளை எடுத்து அந்தப் பக்கம் மேஜை மேல் வைத்தாள். "இப்பம் ஒவ்வொரு பீடிக்கும் நான் எந்திரிச்சுப் போயி இலை எடுத்துட்டு வரணும். எங் கை வேகம் அப்படியேதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள எத்தன சுத்துவேன்?"

மடியில் சுளகு. அதில் கைக்கெட்டும் இலை. அது பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற குட்டி மெமரி. பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்த இலைக்கட்டு. அதுதான் நான் வேண்டாம் என்று சொன்ன மெமரி. தெருக்கோடியில் பீடிக்கடையில் இருக்கும் இலை மூட்டை. அது ஹார்ட் டிஸ்க். என் முந்நூறு மெகாஹெர்ட்ஸ் ராணிக்கு மடியில் சின்னத் தட்டு, பக்கத்தில் கையகலக் கட்டு. பாவம், ஒவ்வொரு இலைக்கும் தெருக்கோடிக்கு ஓடினாள். முப்பது கோடி டிக்கில் பெரும்பாலான டிக்குகள், இலை வரட்டும் என்று சும்மா விரலை ஆட்டிக்கொண்டிருந்தவை!

இதெல்லாம் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்திலும் இருக்கிறது. அப்புறம் தேடிப் படித்தேன். இங்கிலீஷில், படத்தோடு, அழகாகப் போட்டிருக்கிறான். அந்தப் பக்கங்களை நான் புரட்டியே பார்த்ததில்லை. நம்பர் போட்ட அட்டையை மட்டும்தான் படித்திருந்தேன்.

பாத்திமாவுக்கு இங்கிலீஷ் புத்தகம் படிப்பது சிரமம். அவள் விளக்கைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் தெருவுக்கே கடிதம் படித்துச் சொன்னவள் நான், ஒரு மெஷினைப் படிக்க அவளிடம் கற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் இருந்திருக்கும்.

கதையை விட்டுவிட்டேனே... காதருக்கு லீவு கிடைத்ததா?

பத்து நாளைக்குத் தகவலே இல்லை. தினமும் காலையில் பாத்திமா வந்ததும், "என்னட்டி ஆச்சு?" என்பேன். உதட்டைப் பிதுக்குவாள். ஜமாத்தில் வேறு ஆளைப் பொறுப்பாக நிறுத்தப் பேச்சு தொடங்கிவிட்டதாம். அந்த ஒரு அட்டை எங்கே இருக்கிறது, மைதீன் பெட்டியிலா, பாலைவனத்திலா என்று நான் யோசித்துக்கொண்டே மற்றவர்களின் பத்திரிகைகளை அடித்தேன்.

பதினோராம் நாள் பாத்திமா பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்தாள். ஓடி வந்து நான் பார்த்ததே இல்லை.

"கெடச்சிருச்சுட்டி! பத்து நாளு!"

காதர் போனில் சொன்னானாம். அரபி அந்த அட்டையை வாங்கி, விரலை வைத்து வரி வரியாகச் சத்தமாகப் படித்தாராம். முழுதும் படித்துவிட்டு, "இது யார் கையெழுத்து? நல்ல கை" என்றாராம். அப்புறம்தான் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டாராம். கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் ஹஜ்ரத்தின் ஒரு புள்ளிகூட மங்கவில்லை. என் கலர்ப் படம் மட்டும் அச்சாகி இருந்தால் தாளின் பழுப்பும் மடிப்பும் சேர்ந்து வந்திருக்கும். அரபி எதைப் படித்திருப்பார்?

அண்ணாச்சி அன்றே கடைக்காரருக்குப் போன் போட்டு, புதுசுக்கும் மெமரி வாங்கிப் போட்டுவிட்டார். இப்போது அது நிஜமாகவே பறக்கிறது. அதற்கும் ஒரு மரியாதை செய்தாக வேண்டும். குறை அதனிடம் இல்லை, அதைப் பட்டினி போட்டவளிடம்.

கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை. நானும் போயிருந்தேன். காதர் அன்று காலையில்தான் வந்து சேர்ந்தான். விமானம் என்னவோ நாலு மணி நேரத்தில் இறக்கிவிட்டதாம். பம்பாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தது ஒரு நாள், திருவனந்தபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தது அரை நாள். "வானத்துல வேகந்தான் மாமி, தரையிலதான் பூராவும் கெடையா கெடந்தேன்" என்று பாத்திமாவின் உம்மாவிடம் அலுத்துக்கொண்டான். பாத்திமா என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

நிக்காஹ் தெருப் பந்தலில். பெண்கள் நாங்கள் எதிர்வீட்டு மாடியில். ஜுலைகா எங்கள் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கீழே பேசுவது மைக்கில் தெளிவாகக் கேட்டது. ஹஜ்ரத் வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார். காதர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொல்ல வேண்டும்: என் தங்கை ஜுலைகாவை உங்களுக்கு...

"என் தங்கச்சி..." என்றான் காதர்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. ஹஜ்ரத் மறுபடி எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். மாடியில் ஆயிஷா மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜுலைகா தலையை நிமிர்த்திவிட்டாள். எவ்வளவு நேரம் ஆனது? எனக்குத் தெரியாது.

பிறகு மீதி வாசகம் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, பைய, பைய.

அன்றைக்கு மேலப்பாளையத்திலேயே மிக மெதுவாக வந்த பேச்சு அதுதான். ஒருத்தர்கூட அவசரப்படுத்தவில்லை.